புள்ளி வைத்த இலைப்பூச்சிகள்

ஜூன் 3 – 6
ஜூன் 17 – 7
ஜூலை 1 – 6
ஜூலை 15 – 5
மொத்தம் – 24

மில்லில் முப்பத்தோரு வருடம் வருகைப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவரின் நோட்டில் இருந்தது இவ்வளவுதான். மில்லுக்குப் பின்னாலிருந்த கொய்யாத் தோப்பில் அவர் கண்டுபிடித்த இலைப்பூச்சிகளின் கணக்கு அது. குறைந்தது இருபது பூச்சிகள் இருந்தால் தோப்பை வெட்டுவதில்லை என்று வன அலுவலகம் எழுதியிருந்தது.

எண்ண உதவுகிறோம் என்று கூட வந்தவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பழுத்த இலையைக் காட்டி "சார், பூச்சி!" என்று கத்தும் கூட்டம். பூச்சியைத் தேடுகிறவன் இலையையா பார்ப்பான்? மரத்தடியில் விதைபோலக் கிடக்கும் எச்சத்தை முதலில் பார்க்க வேண்டும். பிறகு அதற்கு நேர்மேலே அண்ணாந்து, காற்றில்லாதபோது ஆடும் இலையைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் முதுகில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி. ஒன்றையே இருமுறை எண்ணிவிடக் கூடாதல்லவா?

தங்கை கணவர் கேமராவோடு வருவார். எந்த நாள் வந்தாலும் அவர் கணக்கு ஐந்தாறு, மிஞ்சினால் ஏழு.

"மச்சான், புள்ளி வெச்சது ஒண்ணுகூட மறுபடி கண்ணுல படலையே?"

"காக்கா தின்னிருக்கும். கண்ணை அந்த டப்பாவுக்கு வாடகைக்கு விட்டவருக்கு என்ன மாப்பிள்ளை தெரியப்போகுது?"

இருபத்துநான்கு என்ற கணக்கு வன அலுவலகத்துக்குப் போய்விட்டது. அத்தாட்சிக்கென்று புள்ளி வைத்த ஒன்றை வீட்டில் கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தார். ஒருநாள் காலை, அது தான் உரித்த தோலைத் தின்றுகொண்டிருந்தது. கடைசித் துண்டில் வெள்ளைப் புள்ளி. அதையும் நிதானமாக மென்று விழுங்கியது. முதுகு புத்தம்புதுப் பச்சையாக இருந்தது.

இருபத்துநான்கு இல்லை. அதே ஏழுதான், திரும்பத் திரும்ப.

"யாருக்குத் தெரியும் மச்சான்? வாயைத் திறக்காதீங்க. தோப்பாவது பொழைக்கட்டும்."

"அஞ்சு நிமிஷம் பிந்தி வந்த முதலாளி மகனுக்கே லேட் போட்டவன் நான். பூச்சிக்குப் பொய் ஆஜர் போடச் சொல்றீங்களா? வெட்கமா இல்ல?"

"மரத்தை வெட்டிடுவாங்களே!"

"தெரியும்."

"திருத்தம்: 7. பிழை என்னுடையது" என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அதன்பின் தோப்புப் பக்கம் போகவில்லை.

பதில் ஒரே வரிதான்: தோப்பை வெட்டத் தடையில்லை. கடிதத்தில் தேதிகூடப் போட்டிருக்கவில்லை, மடையர்கள். வந்த நாளை அவரே மூலையில் குறித்தார்: ஆகஸ்ட் 26.