முழங்கால் பைத்தியம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மாடிப்படிக்குக் கீழே, கையில் வெண்டைக்காய்ப் பையோடு யாமினி கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இறங்கி வருகிறவர்களின் முகம் அவளுக்குத் தேவையில்லை. முழங்கால் பாதத்துக்கு நேராக வளைகிறதா, உள்பக்கம் சாய்கிறதா என்பதுதான் கவலை. சாய்ந்தால் உச்சுக்கொட்டுகிறாள். ஒருவர் அவளை முறைத்துவிட்டுப் போகிறார்.

“பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை எப்படின்னு கேட்டா, இடது கால் கொஞ்சம் வீக்குங்கிறா. முழங்கால் பைத்தியம் லா இவ,” என்று செம்பவாங்கில் இருக்கும் அவள் அம்மா லீலா போனிலேயே தலையில் அடித்துக்கொள்கிறார்.

அம்மா சொல்வதில் தப்பில்லை. விளையாடுகிறவர்களுக்கு அடிபடாமல் தடுப்பது எப்படி என்பதே யாமினியின் ஆராய்ச்சி. விழுந்த பிறகு தூக்க ஊரே ஓடிவருகிறது, விழுமுன் ஒருத்தரையும் காணோம் என்பது அவளுடைய தீராத ஆத்திரம். ரயிலில் இடம் கிடந்தாலும் உட்காரமாட்டாள், ஒற்றைக்காலில் நின்றே வருவாள். பேச்சுக்கு நடுவே எழுந்து எங்கோ போய் வந்து, விட்ட வாக்கியத்தை முடிப்பாள். கேட்பவருக்குத்தான் தலை சுற்றும்.

இப்போது வலைப்பந்து ஆடும் பள்ளி மாணவிகளை ஆராய்கிறாள். குதித்தால் எப்படித் தரையில் கால் ஊன்றுவது என்று பாதி அணிகளுக்குப் பயிற்சி. மீதி அணிகள் வழக்கம்போல் ஆடும். ஒப்பிட்டால்தானே பலன் தெரியும். அவர்களில் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அந்தப் பெண் கணக்கில் சேரமாட்டாள். இனி ஒருத்தி குறைந்தாலும் ஆராய்ச்சியே தேறாது. இந்த விதியை எழுதியவளும் யாமினிதான்.

“வலிக்குதா?” என்று கேட்டால் பிள்ளைகள் சொல்லும் பதிலை அவள் நன்றாகப் படித்துவைத்திருக்கிறாள். ‘ஓகே’ என்றால் நலம். ஊர்ப் பேச்சில் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’ சேர்ந்து ‘ஓகே லா’ என்றால் வலி. அதையே இரண்டு தரம் சொன்னால், அந்தப் பிள்ளை அன்றைக்குப் படியில் இறங்காமல் லிஃப்டைத் தேடும்.

“அந்த லாவை எந்தக் கட்டத்துல டிக் பண்றது?” என்று உடன் வேலை செய்யும் அன்வரிடம் கேட்டாள்.

“ஓகேன்னு சொன்னா ஓகேதான் லா. நீ ரொம்ப யோசிக்கிற.”

இன்ஷா என்ற மாணவி பயிற்சி இல்லாத பாதியில் இருக்கிறாள். பல வாரங்களாக அவள் குதிக்கும்போதெல்லாம் வலது முழங்கால் உள்ளே மடிகிறது. அதைப் பார்த்துப் பார்த்து யாமினி நகம் முழுவதையும் கடித்துத் தீர்த்துவிட்டாள். ஒருநாள் அந்த முட்டியின் நார் அறுந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

சென்ற வாரம் ஜூரோங் விளையாட்டுக் கூடத்தில், அசைவைக் கேமரா பிடிப்பதற்காக இன்ஷாவின் காலில் வெள்ளிநிறச் சிறு உருண்டைகளை ஒட்டியிருந்தார்கள். இன்ஷா எம்பிப் பந்தைப் பிடித்து இறங்கினாள். முட்டி உள்ளே போனது. ஒரு நொடி முகம் சுளித்தாள்.

“வலிக்குதாம்மா?”

“ஓகே லா, அக்கா.” பந்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். “ஓகே லா. அடுத்த வாரம் செலக்‌ஷன் இருக்கு, ப்ளீஸ்.”

யாமினி ஆட்டக்களத்துக்குள் நடந்தாள்.

“வேணாம், யாமினி,” என்றான் கேமராவுக்குப் பின்னாலிருந்த அன்வர். “ரெண்டு வருஷ வேலை போயிடும்.”

அவள் இன்ஷாவின் முன்னால் மண்டியிட்டு, காலில் இருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தாள். பிறகு உள்ளங்கையை அந்த முழங்காலின் உட்புறம் அணையாகக் கொடுத்து, மெதுவாகப் பாதத்துக்கு நேரே நகர்த்திப் பிடித்துக்கொண்டாள்.