மகள் பார்த்த தொடர்கள்

ஜப்பான்காரரின் கார்ட்டூன் தொடர்களில் வரும் அம்மாக்களைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. ஒன்று செத்துப்போயிருப்பார்கள், இல்லாவிட்டால் எங்கேயோ வெளிநாட்டில் வேலை செய்வார்கள். பதினாறு வயதுப் பிள்ளை தனிய ஒரு வீட்டில் எழும்பி, பாண் துண்டை வாயில் கவ்விக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடும். சமைத்துக் கொடுக்கக் குசினியில் ஒருத்தியும் இருக்கமாட்டாள். தப்பித்தவறி ஒரு அம்மா உயிரோடு வந்தால், தலைமயிரை ஒரு பக்கமாகக் கட்டித் தோளுக்கு முன்னால் விட்டிருக்கிறாளா என்று பார்ப்பேன். விட்டிருந்தால் ஆள் மூன்றாம் பகுதியைத் தாண்டமாட்டாள். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்து நானே கண்டுபிடித்தது.

எனக்கு ஐம்பத்தொன்பது வயது. ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாவது தளத்தில் இருக்கிறேன். விடிய ஆறு மணிக்கு ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பன் பெட்டி அடுக்கத் தொடங்கினால் இரண்டரைக்கு முடியும். பஸ் பிடித்து மூன்றரைக்கு வீடு வந்துவிடுவேன். அதற்குப் பிறகு படுக்கப் போகும்வரை ஒரு வார்த்தை கதைக்க ஆளில்லை. வேலைத்தலத்தில் என்னோடு நிற்கிற பெண்கள் இந்தியத் தமிழ்த் தொடர்களைப் பற்றி வாய் ஓயாமல் கதைப்பார்கள். நான் அனிமே என்கிற இந்த ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிறேன் என்று சொன்னால் கிழவிக்கு விசர் பிடித்துவிட்டது என்பார்கள். அதனால் என் அபிப்பிராயங்கள் எல்லாம் எனக்குள்ளேயே கிடந்து புளித்துக்கொண்டிருந்தன.

இது தொடங்கியது மகள் வீட்டை விட்டுப் போன பிறகு. அவள் ஒருவனோடும் போகவில்லை. போயிருந்தால்கூட ஊருக்குச் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். வேலைக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று, டவுன்டவுனில் ஒரு சிநேகிதியோடு சேர்ந்து அப்பார்ட்மென்ற் எடுத்தாள். பெட்டி தூக்க வந்த அந்தச் சிநேகிதியை அன்றைக்கு ஒருநாள்தான் பார்த்தேன். சீனப் பிள்ளை, மயிருக்கு நீல நிறம் அடித்திருந்தாள்.

"கலியாணம் கட்டாத பொம்பிளைப்பிள்ளை, அம்மா இருக்கிற ஊரிலையே வேறை வீட்டிலை இருக்கிறதோ? சனம் என்னைத்தானே கேக்கும்" என்றேன்.

"சனம் கேட்டா என்ரை நம்பரைக் குடுங்கோ" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்பா உயிரோடை இருந்திருந்தா இப்பிடிச் செய்வியோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் போய் அப்போது ஆறு வருடம். அவள் நீல மயிர்க்காரியோடு கடைசிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் ஃபோன் எடுப்பேன். "சுகமா?" என்பேன். "ஓம் அம்மா, நீங்கள்?" என்பாள். "ஓம்" என்பேன். இரண்டு பேருக்கும் கர்வம், வேறென்ன.

போகும்போது அவள் ஒன்றை மட்டும் விட்டுப்போனாள். ரிவியில் படம் பார்க்கிற அந்தக் கணக்கு அவளுடையது. அதைத் திறந்தால் இரண்டு முகம் வரும், ஒன்று அவளுக்கு, மற்றது எனக்கு. ஒருநாள் ரிமோட்டை மாறி அமத்தியதில் அவளுடைய பக்கம் திறந்துவிட்டது. பாதியில் விட்டவை எல்லாம் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிவப்புக் கோடு, எவ்வளவு தூரம் பார்த்தாள் என்று காட்ட. எல்லாம் அனிமே. எங்களோடு இருந்த காலத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு அதுகளைத்தான் பார்ப்பாள். நான் அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தபடி கதிரையில் இருந்துவிட்டேன். பிள்ளை நேற்றும் இதைப் பார்த்திருக்கிறாள், சுகமாக இருக்கிறாள் என்று நெஞ்சு ஆறியது.

அன்றிலிருந்து வேலையால் வந்தவுடன் முதல் வேலை அதுதான். அவளுடைய பக்கத்தைத் திறந்து கோடுகளைப் பார்ப்பேன். அவள் எதைப் பார்க்கிறாள் என்று பெயரைக் கடுதாசியில் எழுதிக்கொண்டு, என்னுடைய பக்கத்துக்குப் போய் ஒவ்வோர் எழுத்தாக அமத்தித் தேடி, அதையே முதலிலிருந்து பார்ப்பேன். அவர்கள் ஜப்பான் பாஷை கதைப்பார்கள், கீழே ஆங்கிலம் ஓடும். நான் வாசித்து முடிக்கமுதல் அது போய்விடும். ஆகவே ஒரு வரி, நிறுத்து, வாசி, பிறகு அடுத்த வரி. இருபத்துநாலு நிமிடப் பகுதி எனக்கு ஒரு மணித்தியாலம். ஒருநாளைக்கு அவளும் என்னுடைய பக்கத்தைத் திறந்து, அம்மாவும் இதைத்தானே பார்க்கிறா என்று ஒரு ஃபோன் எடுப்பாள் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

முதலில் பார்த்த தொடரில் ஒருவனை லொறி அடித்துவிடும். செத்தவன் வேறோர் உலகத்தில் கண் விழிப்பான். அங்கே மந்திரவாதிகள், நெருப்புக் கக்குகிற பறவைநாகங்கள், எல்லாம் உண்டு. அதுகளை விடுங்கள். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது வேறு. முதல் நாளே அவனுக்கு அந்த ஊர்ப் பாஷை விளங்குகிறது. இரண்டாம் நாள் வேலை கிடைக்கிறது, மூன்றாம் நாள் வீடு. ஊர்ச்சனம் முழுக்க அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. நான் இந்த நாட்டில் கைக்குழந்தையோடு வந்து இறங்கியவள். அகதி வழக்கு முடியவே வருடக்கணக்கில் இழுபட்டது. இன்றைக்கும் ஃபோனில் யாராவது கெதியாக ஆங்கிலம் கதைத்தால் அந்தரப்படுகிறேன். இவருக்கு மட்டும் வந்த உடனே எல்லாம் சரி. அப்படி ஒரு தொடரென்றால் போனால் போகட்டும், அவளுடைய வரிசையில் அந்த மாதிரி நாலு நின்றன.

சமையல் தொடர் ஒன்று. ஒரு வாய் சூப் குடித்தவர்கள் கண்ணீர் விட்டு மயங்கி விழுகிறார்கள். சோறு வைரம்போல் மினுங்குகிறது. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சோற்றைப் படமாகக் கீறியவன் கைக்கு ஒரு காப்புச் செய்து போடவேண்டும். ஆனால் பன்னிரண்டு பகுதியிலும் ஒருவராவது சட்டி கழுவவில்லை. மேசைப்பந்து விளையாடுகிற பள்ளிக்கூடப் பெடியன்களின் தொடரும் பார்த்தேன். ஒருவன் பந்தை மேலே எறிந்தால் அது கீழே வருவதற்குள் அவனுடைய சின்னவயதுக் கதை முழுக்க ஓடி முடிந்துவிடும். நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன், பந்து இன்னும் மேலேதான் நின்றது. ஆனாலும் அவர்கள் தோற்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லவேண்டும்.

ஒன்றை மட்டும் நான் முடிக்கவில்லை. பெரிய இரும்புப் பூதங்களுக்குள் பதினாலு வயதுப் பெடியன்களை ஏற்றிச் சண்டைக்கு அனுப்புகிற கதை. பின்னால் நல்ல பாட்டு ஒன்றும் போடுகிறார்கள். பெரியவர்கள் ஒரு கண்ணாடி அறைக்குள் நின்று உத்தரவு கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சண்டையில் அப்படிப் போன பெடியன்களை நான் நேரே பார்த்தவள். என்னோடு படித்ததுகளும் இருந்தன. இரண்டாம் பகுதியில் நிறுத்திவிட்டு, பல்கனியில் போய் நின்றேன். மகளின் கோடு அந்தத் தொடரில் மூன்றே நாளில் கடைசிக்குப் போயிருந்தது. அதை இருந்து பார்க்க அவளுக்கு எப்படி மனம் வந்தது என்று எனக்குக் கோபம். பிறகு, அவளுக்கு நான் ஒன்றும் சொல்லி வளர்க்கவில்லையே என்றும் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அதைக் கதைக்கவேண்டும் என்று மனதில் ஒத்திகை பார்த்தேன். அவள் "ஓம் அம்மா, நீங்கள்?" என்றவுடன் நானும் ஓம் என்றுவிட்டு ஃபோனை வைத்தேன்.

எனக்கு நன்றாகப் பிடித்தது ஒரு தீவுத் தபால் கந்தோர்க் கதை. மூன்று பெட்டைகள் கடிதம் பிரிப்பார்கள், சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், மழை பெய்தால் கூரைக்குக் கீழே ஒதுங்கி நிற்பார்கள். அவ்வளவுதான். முதல் மூன்று பகுதிக்கும், இதென்ன ஒன்றுமே நடக்கவில்லை என்று ரிவியோடு சண்டை பிடித்தேன். நாலாவதில் ஒரு கிழவர் வெறும் கடித உறை வாங்க வருவார். தினமும் வருவார். அவருக்கு எழுத ஒருவரும் இல்லை, கந்தோரில் நின்று நாலு வார்த்தை கதைக்கத்தான் வருகிறார் என்று பெட்டைகளுக்குத் தெரியும், ஆனால் ஒருத்தியும் அதை அவருக்குச் சொல்லமாட்டாள். எனக்கு அந்தக் கந்தோர் கிடைத்தால் நானும் போய் உறை வாங்குவேன்.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை வந்து பார்த்தால், அந்தத் தொடரில் மகள் ஒரே நாளில் எட்டுப் பகுதி தாண்டியிருந்தாள். லீவு எடுத்திருக்கிறாள் போல, நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று சந்தோஷப்பட்டேன். நானும் விடுவேனா? அந்தக் கிழமையின் மிச்ச நாள் முழுக்க அவளைத் துரத்திக்கொண்டு பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சோபாவில் இருந்து பார்ப்பதுபோல எனக்கு ஒரு நினைப்பு.

ஆனியில் என் கணவரின் திவசம் வந்தது. றிச்மண்ட் ஹில் கோயிலில் பூசைக்குச் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் போய்ச் சேரக் கஷ்டம் என்று மகள் தன் காரில் என்னைக் கூட்டிப்போக வந்தாள். வந்தவள் கையில் ஒரு சீலை. அவளுக்கு இன்னும் தானாக உடுக்கத் தெரியாது. அறைக்குள் கூட்டிப்போய், உள்பாவாடையோடு கண்ணாடிக்கு முன்னால் நிற்பாட்டி, சீலையைச் சுற்றி, முன்பக்கத்து மடிப்பை விரலில் எடுக்கத் தொடங்கினேன். ஒன்றே கால் வருடத்துக்குப் பிறகு பிள்ளை இவ்வளவு கிட்ட நிற்கிறாள். கதைக்க என்னிடம் சாமான் இருக்கிறது என்ற துணிவில் தொடங்கினேன்.

"அந்தத் தபால் கந்தோர்க் கதையிலை கடைசிப் பகுதி சரியில்லை. அந்தக் கிழவரை அப்பிடியே விட்டிட்டினம்."

"என்ன கதை அம்மா?"

"நீ பாத்தியே. தீவிலை, மூண்டு பெட்டையள்."

கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தாள். "அனிமேயா? நீங்கள் அனிமே பாக்கிறீங்களா?"

"நீ பாக்கிறதுகளைத்தான் பாக்கிறன்."

"நான் அதுகளை விட்டு எவ்வளவு காலம். வேலை தொடங்கின பிறகு எங்கை டைம்? அது என்ரை ரூம்மேட் அம்மா. ஷீ யூசஸ் மை ப்ரொஃபைல். நானே குடுத்திட்டன்."

ஒரு வருடத்துக்கு மேலாக நான் வேவு பார்த்தது நீல மயிர்க்காரியை. அவள் எப்போது நித்திரை கொள்கிறாள், எதற்குச் சிரிக்கிறாள், எந்தக் கதையைப் பாதியில் விடுகிறாள் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வெட்கத்தில் முகத்தைக் காட்டாமல் குனிந்து, எடுத்த மடிப்பைச் செருகுவதற்காக உள்பாவாடையின் நாடாவைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். அப்போதுதான் கண்டேன். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்று, இடப்பக்கம் கீழே ஒன்று, நாடாவோடு ஒட்டி இன்னொன்று. சின்னச் சின்ன ஊதா வடுக்கள்.

"உதென்ன?"

"அது அப்பென்டிக்ஸ். ஃபெப்ரவரியிலை எடுத்தது. இட்ஸ் ஓகே, இப்ப ஒண்டுமில்லை."

"ஒப்பரேஷன் செய்து, எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே நீ?"

"சொல்லத்தான் இருந்தனான்" என்றாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுத்தனீங்கள். சுகமா எண்டு கேட்டீங்கள். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டு, பிறகு சொல்லுவம் எண்டு நிக்க, நீங்கள் வைச்சிட்டீங்கள்."

"ஆர் உன்னோடை ஆஸ்பத்திரியிலை நிண்டது?"

"அவள்தான். புதன் முழுக்க வேலைக்குப் போகாமல் பக்கத்திலை இருந்தவள். எனக்கு மருந்து மயக்கம், கதைக்க ஏலாது. பாவம், லாப்டொப்பிலை எதையோ போட்டுப் பாத்துக்கொண்டிருந்தாள்."

கையில் பிடித்திருந்த மடிப்பு நழுவி முழுக்க அவிழ்ந்துவிட்டது. ஓர் அந்நியப் பிள்ளை என் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்த நேரத்தைத்தான் நான் லீவு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு நல்ல ஞாபகம். அவள் ஓம் என்றாள், நான் சரி பிள்ளை என்று கெதியாக ஃபோனை வைத்தேன். தபால் கந்தோரில் எனக்கு இன்னும் இரண்டு பகுதி மிச்சம் இருந்தது.

சீலைத் தலைப்பு நிலத்தில் கிடந்தது. நான் முழங்காலில் இருந்தபடி அந்தக் கீழ் வடுவில் விரல் நுனியை வைத்தேன்.

"நோகுதா?" என்று கேட்டேன்.

"இப்ப நோகேல்லை அம்மா" என்றாள்.