விட்டுக்கொடுக்காத இரண்டு சீட்

கம்பெனி வேலையை உதறிவிட்டு, வீட்டு முன்னறையிலேயே டிராவல்ஸ் ஆரம்பித்தவள் அவள். ஒவ்வொரு சீசனுக்கும் பனிமலைப் பக்கம் போகும் விமானத்தில் தனக்கும் கணவருக்கும் முதல் ஆளாக இரண்டு சீட் பிடித்து வைப்பாள். கடைசி நேரத்தில் எவராவது வாடிக்கையாளர் வந்து கெஞ்சுவார். பிழைப்பு ஓட வேண்டுமே, விட்டுக்கொடுத்துவிடுவாள்.

"நம்ம சீட்டுலதான் ஊரே போய் பனியைப் பாத்துட்டு வருது," என்று கணவர் சிரிப்பார்.

"அடுத்த தடவை கண்டிப்பா போறோம்ங்க," என்பாள்.

அவர் காலமான வருஷமும் கை பழக்கதோஷத்தில் இரண்டு சீட் பிடித்துவிட்டது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் வழக்கம்போலக் கூப்பிட்டார்.

"எப்படியாவது ரெண்டு சீட் பாரும்மா."

"இல்ல சார். அது எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும்," என்றாள், முதல் தடவையாக.

பணத்தைக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். அந்த இரண்டு சீட்டும் காலியாகவே பறந்து போயின.