இராசேஸ்வரி அக்கா சுற்றிய இசைத்தட்டு

முள்ளியவளை இராசேஸ்வரி அக்கா பிடிவாதக்காரி. அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால், மறுத்துப் பேசுகிறவன் வாயைப் பொத்திக்கொண்டு வீடு போய்ச் சேரவேண்டியதுதான். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் ஊரைவிட்டுப் போக வேண்டிவந்தபோது, பக்கத்து வீட்டு ஜொஹறா தன் பாட்டுப்பெட்டியையும் இசைத்தட்டுகளையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் புத்தளம் போனார். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் எல்லாம் தொலைந்து, பெட்டியும் ஒரேயொரு தட்டும்தான் மிஞ்சின. தட்டில் ஒட்டியிருந்த பெயர்த்தாளும் உரிந்துபோயிருந்தது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிக்கு எங்கே போவது? அக்கா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் அந்தத் தட்டைப் பாடவைத்தார். பாடியது ஓர் ஆண் குரல். கனத்து, அழுது ஓய்ந்த குரல். சொற்கள் இழுபட்டு ஒன்றும் விளங்காது. அயலில் யார் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்தாலும் அதைத்தான் போட்டார்கள். நானும் கேட்டுக் கண்கலங்கியிருக்கிறேன்.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்து, 2003இல், ஜொஹறா மகள் றுக்ஷானாவோடு ஊர் பார்க்க வந்தார். பத்து வயதில் கொழும்பில் ஜொஹறா பாடிய சிறுவர் பாட்டொன்றை மாமா ஒரேயொரு தட்டில் பதிவித்திருந்தாராம். புத்தளத்தில் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தபின் பேச்சே காற்றாகத்தான் வரும். உம்மா நன்றாகப் பாடுவார் என்று பிறர் சொல்லத்தான் மகள் கேட்டிருக்கிறாள்.

"என்ட தட்டு இருக்கா அக்கா?"

"ஒண்டுதான் மிஞ்சினது. ஆனா அது ஆம்பிளை பாடினது, பிள்ளை. நான் எத்தினை தரம் கேட்டனான்."

ஜொஹறாவின் முகம் வாடிவிட்டது. எதற்கும் சி.டி.யில் ஏற்றிப் பார்ப்போம் என்று பெட்டியையும் தட்டையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அயலில் கணினி வைத்திருந்தவன் நான்தான்; ஜெனரேற்றர் சத்தத்தால் அது எல்லோருக்கும் தெரியும்.

புதுப் பற்றரி போட்டும் பெட்டி ஆமை வேகத்தில்தான் சுற்றியது. மெல்லச் சுற்றியே பழகிய மோட்டர். வயரைச் செருகி அப்படியே கணினியில் பதிந்தேன். அதே ஆண், அதே அழுகை.

"நான் சொன்னனான்தானே" என்றார் அக்கா.

அப்போதுதான் கவனித்தேன், பின்னால் மேளமும் இழுபட்டது. மனிதன் அழலாம், மேளம் ஏன் அழவேண்டும்? கணினியில் வேகத்தைக் கூட்டினேன். அழுதவர் இளந்தாரி ஆனார். இன்னும் கூட்டினேன், ஒரு பெண் பாடினாள். அக்கா கதிரையைவிட்டு எழும்பிவிட்டார்.

எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஜொஹறாவுக்குத் தெரிந்தது. கையை மேலே, மேலே என்று அசைத்தார். ஓரிடத்தில் அந்தக் கை அப்படியே நின்றது.

அறைக்குள் ஒரு சிறுமி பாடினாள். காணாமல்போன ஆட்டுக்குட்டியைத் தேடும் பாட்டு. வரிக்கு வரி குறும்பு. இதையா அந்தியேட்டிகளுக்குப் போட்டோம் என்று நினைத்தாலும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கனத்த குரலுக்குள் இந்தப் பிள்ளை இத்தனை வருடம் இருந்திருக்கிறாளே என்ற அதிசயத்தில் மூச்சுவிடவும் பயமாக இருந்தது.

றுக்ஷானா தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் பிசகாமல், சத்தமேயில்லாமல், அது பாட்டோடு அசைந்தது.

"உம்மா, இது நீங்களா?"

ஜொஹறா தலையாட்டினார். நான் பாட்டை சி.டி.யில் எழுதி மகளிடம் கொடுத்தேன். இராசேஸ்வரி அக்கா வந்து ஜொஹறாவின் கன்னத்தைத் தடவினார்.

"உன்னைத்தானே பிள்ளை இவ்வளவு காலமும் நான் சுத்திக்கொண்டு இருந்தனான்."