தொட்டிக்கு வராத துணி

போன வாரம் வீட்டைச் சுத்தம் செய்த என் மருமகள், பீரோவின் அடித்தட்டில் இருந்த ஒரு கறுப்புத் துணியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாள். கையகலத் துண்டு. ஒரு காலத்தில் அது பச்சை நிறப் பனியன். எண்ணெயும் கிரீஸும் ஊறிக் காய்ந்து, இப்போது அட்டை மாதிரி விறைத்திருக்கிறது. தொட்டியில் அதைப் பார்த்ததும் பட்டறை கூட்டுகிற அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் நான் ஹெல்பர். மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறையில் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் குடியிருந்தேன். மெஷின் துடைக்க அங்கே நூல் கழிவுதான் தருவார்கள். அதன் பிசிறு லேத் மெஷினில் சிக்கிக்கொள்ளும். அதைப் பிடுங்கிப் பிடுங்கியே, பழைய துணியைத் துவைத்து அளவாக வெட்டிக் கொடுத்தால் எல்லாப் பட்டறையும் வாங்குமே என்று எனக்குத் தோன்றியது. நல்ல வெள்ளை வேட்டிகளாகப் பொறுக்கி வாங்கினேன். பிசிறு வராதபடி மனைவி நான்கு ஓரமும் மடித்துத் தைத்தாள். எங்கள் பட்டறையிலும் பக்கத்துப் பட்டறைகள் இரண்டிலும் சும்மாவே கொடுத்துப் பார்த்தேன். எல்லாரும் "சூப்பர்ப்பா" என்றார்கள். பேசவே கூச்சப்படுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அஞ்சாவது வரைதான் படித்தவன் என்பதால், ராஜினாமாக் கடிதத்தை ஆபீஸ் குமாஸ்தாவிடம் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை கொடுப்பதாக இருந்தேன். கொடுத்தபின் தொழில் படுத்துவிட்டால், அந்தக் கேட்டுக்குள் மறுபடி விடமாட்டார்கள்.

அந்த மூன்று பட்டறைகளையும் கூட்டுவது அக்காதான். ராயக்கோட்டைப் பக்கத்துக்காரி. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"ஏன்ப்பா, உன் துணி ஒண்ணுகூட என் தொட்டிக்கு வரலியே?"

"பத்திரமா வெச்சிருப்பாங்கக்கா."

"ஆமா, பத்திரமாத்தான் வெச்சிகினு இருக்காங்கோ! ஃபோர்மேன் டிபன் டப்பாவ அதுலதான் கட்டிகினு வர்றாரு. லேத்துக்காரரு கொழந்தைக்கு மூக்கு தொடைக்க எடுத்துகினு போயிட்டாரு. வெள்ளையா, ஓரம் அடிச்சிக் குடுத்தா எவனுக்குப்பா கிரீஸத் தொடைக்க மனசு வரும்? சீர்வரிசைக்குத் தெச்ச மாதிரி இல்ல தெச்சிருக்குது உன் சம்சாரம்!"

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அவள் கவனித்துவிட்டாள். குமாஸ்தா சொல்லிக் கடித விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது.

"காயிதத்த இப்போ குடுக்காத. மொதல்ல துணி தொட்டிக்கு வரட்டும்."

சனிக்கிழமை கடிதம் பையிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயம் போன பனியன்களை வாங்கி வந்து வெட்டினோம். அதில் பிசிறும் வராது, ஓரமும் தைக்க வேண்டாம். மறுபடி நான் போய்க் கொடுத்தால் என் முகத்துக்காக "சூப்பர்" என்பார்கள். அதனால் அக்காவே எடுத்துப்போய், யாருடையது என்று சொல்லாமல் மெஷின்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

நாலாம் நாள், சொட்டச் சொட்ட எண்ணெயோடு ஒரு பச்சைத் துண்டைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இந்தா, வந்துடுச்சு. துணி தீந்துபோச்சுன்னு லேத்துக்காரரு ஸ்டோர்ல சண்ட போட்டுகினு இருக்காரு, போய்ப் பாரு!" அந்தச் சண்டையைக் கதவோரம் நின்று கேட்டேன். உள்ளே போகக் கூச்சம். அக்காதான் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். முதல் ஆர்டர் அங்கேதான் கிடைத்தது. அந்த மாதக் கடைசியில், வியர்வையில் மை கலங்கியிருந்த கடிதத்தைப் புதிதாக எழுதி வாங்கிக் கொடுத்தேன்.

இன்றைக்கு எங்கள் துணி கிருஷ்ணகிரி வரை போகிறது. புதிய இடத்தில் யாராவது "சூப்பர்" என்றால் எனக்குப் பயம்தான் வருகிறது. அவர்கள் குப்பைத்தொட்டி எந்த மூலையில் இருக்கிறது என்று கண் தேடுகிறது. அக்கா இப்போது உயிரோடு இல்லை.

மருமகளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவள் போட்டது சரியான இடத்தில்தான். தொட்டிக்குள் கைவிட்டு, அக்கா எடுத்ததைப் போலவே, அதை வெளியே எடுத்துக்கொண்டேன்.