டியூபின் மறுமுனை

அக்கா கத்தினால் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அந்தக் குரலை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

பழைய வீடுகளில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற தரையைச் சமப்படுத்துவது அக்கா வீட்டுக்காரரான மாமாவின் தொழில். தண்ணீர் நிரப்பிய நீள டியூபின் ஒரு முனையை அவர் கூடத்தில் பிடிப்பார். மறுமுனை உள்ளறையில் அக்கா கையில். டியூபின் வாயை அடைத்த விரலை இருவரும் எடுத்ததும் தண்ணீர் மேலும் கீழும் ஆடி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். நின்ற இடத்தில் அக்கா சுவரில் கோடு கிழித்து, "சரி!" என்பாள். அந்தக் கோட்டை நம்பித்தான் கலவையைக் கொட்டுவோம்.

கல்யாணமான புதிதில் மணல் சுமக்க வந்தவள். ஆள் வராத ஒருநாள் டியூபைப் பிடித்தாள், அப்புறம் விடவே இல்லை. "அந்தாளு கையப் புடிச்சதவிட இதுதான்டி கெட்டிப்பிடி" என்று சிரிப்பாள்.

கொஞ்ச நாளாக அவளுக்கு டியூபில் தண்ணீர் தெரியவில்லை. கலவை போடும் நான் பக்கத்தில் நின்று, "மேல, இன்னும் மேல" என்று கிசுகிசுப்பேன்.

"கண்ணாடி வாங்கித் தொலையேன்க்கா!"

"வாங்கினா அந்தாளுக்குத் தெரிஞ்சிடும்டி. வீட்ல உக்காருன்னுடுவாரு. நாலு சுவத்தப் பாத்துக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. கோட்டைத் தப்பாகப் போட்ட ஓர் ஆளை, கண் சரியில்லை என்று மாமா அன்றைக்கே அனுப்பியிருக்கிறார்.

ஒருநாள், உடைத்த தரையின் இடிசலை அள்ள மாமா என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். அக்கா உள்ளே தனியாக நின்றாள். வீட்டுக்கார அம்மா ஏதோ கேட்க, மாமா திரும்பிப் பதில் சொன்னார். தண்ணீர் சிந்தாமல் இருக்க டியூபின் வாயில் வைத்த கட்டைவிரலை அவர் எடுக்கவே இல்லை.

உள்ளேயிருந்து, "சரி!"

மாமா தன் விரலைப் பார்த்தார். அதை எடுக்காமல் தண்ணீர் ஆடியிருக்கவே முடியாது.

விறுவிறுவென்று உள்ளே போனார். கோடு, டியூபில் தண்ணீர் நின்ற இடத்துக்கு நான்கு விரற்கடை கீழே இருந்தது.

"எத்தன நாளா?"

"நான்தான் மாமா சொல்லிக்குடுத்தேன், என்னத் திட்டுங்க!"

"நீ வாய மூடு." அக்காவிடம் திரும்பினார். "கண்ணு தெரியலன்னா சொல்லித் தொலைக்க மாட்டியா?"

"சொன்னா? அந்த ஆள அனுப்பின மாதிரி என்னையும் அனுப்புவ. அனுப்பு!"

மாமா டியூபை வாசலுக்கு இழுத்துப்போய்த் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

"போச்சுடி" என்று அக்கா மணல் குவியலில் உட்கார்ந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுஷனைக் கலவைக் கரண்டியாலேயே சாத்தியிருப்பேன்.

திரும்பி வந்தவர் கையில், வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம். வாளித் தண்ணீரில் கலக்கி டியூபை நிரப்பினார். கண்ணில் உறைக்கிற நீலம்.

"பிடி" என்று முனையை நீட்டினார். "சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போறோம்."

அக்கா உள்ளே போனாள். நான் மாமாவோடு கூடத்தில் நின்றேன். உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஐயோ, இதுவும் தெரியவில்லையா?

"தண்ணி ஆடவே இல்ல! மொதல்ல அந்தக் கட்டைவிரல எடுய்யா!"

எட்டு வீட்டுக்குக் கேட்டது. மாமா முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை எடுத்தார்.