வெள்ளிக்கிழமை பூஜையும் திறக்காத புரோகிராமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் போய்விட்டது. இரண்டு தடவை நோட்டு வாங்கினேன். முதல் நோட்டை மகள் கணக்குப் போட எடுத்துக்கொண்டாள். இரண்டாவதில் என் வீட்டுக்காரி மளிகை லிஸ்ட் எழுதிவிட்டாள். நானும் சரி, நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டேன். பத்தாவது வரைக்கும் படித்தவன். கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்கள். சாமியைப் பற்றி எழுதினால் இப்போதெல்லாம் படிக்காதவர்களும் சிரிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால் கேட்கவே வேண்டாம். பயம் இன்னும் போகவில்லை. ஆனால் பயத்தை விடக் கோபம் பெரிசாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள். திருப்பூரில் மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. கட்டிங்கில் துணி விரிக்கிறவனாகச் சேர்ந்தேன். தமிழும் இங்கிலீஷும் டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்தால் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். நின்றுகொண்டே வேலை பார்த்தவனுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கட்டிங் டேபிளில் நின்றவர்களுக்குத் தெரியும்.

கம்பெனி முழுக்கப் பதினாலு கம்ப்யூட்டர். நிட்டிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒன்றிரண்டு. எல்லாவற்றையும் ஒரே வயரில் கோத்திருந்தார்கள். கோயமுத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு புரோகிராம் வாங்கி என் சிஸ்டத்தில் போட்டிருந்தார்கள். திறந்தால், எந்தக் கம்ப்யூட்டர், எந்தப் பிரிண்டர் உயிரோடு இருக்கிறது என்று தேடிப் பிடித்து வரிசையாகக் காட்டும். இருக்கிறதுக்குப் பச்சை, இல்லாததுக்குச் சிவப்பு. அதில் பேக்கிங் பிரிண்டரைத் தொட்டு அனுப்பினால்தான் பெட்டிக்கு ஒட்டுகிற பார்கோடு ஸ்டிக்கர் அங்கே வரும். அந்தப் புரோகிராம் திறக்கவில்லை என்றால் பேக்கிங்கே நிற்கும்.

வெள்ளிக்கிழமைதான் லாரி தூத்துக்குடிக்குப் புறப்படுகிற நாள். பேக்கிங் அன்றைக்கு ஏழு மணிக்கே தொடங்கும். மற்ற செக்‌ஷன் எல்லாம் எட்டரைக்கு மேல்தான். நானும் வெள்ளிக்கிழமை மட்டும் பல்லடத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிடுவேன். ரூமைக் கூட்டி, சிஸ்டத்தைத் துடைத்து, ஒரு பொட்டுச் சந்தனம், அதன்மேல் குங்குமம். முருகன் படத்துக்கு ஒரு முழம் பூ, வீட்டிலிருந்து கொண்டுவந்த சுண்டல், ஒரு கற்பூரம். அப்புறம்தான் சுவிட்சைப் போடுவேன். கட்டிங்கில் இருந்தபோது கத்திரிக்குச் செய்ததைத்தான் இதற்கும் செய்தேன். சோறு போடுகிற பொருளைக் கும்பிடுவதில் எனக்குக் கூச்சம் கிடையாது, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

புரோகிராம் போட்ட நாளிலிருந்தே தொடர்ந்து நாலு வெள்ளிக்கிழமை அது ஹேங் ஆனது. திறந்தால் வெள்ளைக் கட்டம் ஒன்று வரும், அப்படியே நிற்கும். மவுஸை அசைத்தால் மணல் கடிகாரம். கீழே பேக்கிங்கில் இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பொறுக்காமல் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன். மறுபடி முதலிலிருந்து. எட்டரை, ஒன்பதுக்குத்தான் வழிக்கு வரும். மற்ற நாளில் நான் ஒன்பது மணிக்கு வந்து திறந்தால், ஒரு நிமிஷம் முக்கிவிட்டுத் திறந்துகொள்ளும்.

கோயமுத்தூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். என் வயதுதான் இருக்கும். சிஸ்டத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பொட்டைப் பார்த்தார்.

"என்னைக்கெல்லாம் ஹேங் ஆகுதுங்க?"

"வெள்ளிக்கிழமைங்க."

"பூஜை என்னைக்குங்க?"

"வெள்ளிக்கிழமைங்க."

அவர் மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். "கற்பூரப் புகை ஃபேன் வழியா உள்ள போகுது, குங்குமத் தூளும் போகுது. இதுக்கு எங்க புரோகிராம் என்னங்க பண்ணும்? உங்க ஆளுகிட்ட ஒரு லெட்டர் எழுதி வாங்கிக் குடுத்துருங்க. நான் ஆபீஸ்ல காட்டி க்ளோஸ் பண்ணிக்கறேன். சர்வீஸ் ரிப்போர்ட்டை அடுத்த சனிக்கிழமை வந்து எழுதறேன்."

அவர் போனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசன்தான், ஆனால் வேலை முடிந்தால் போதும் என்கிற ரகம். லெட்டரை டைப் அடிக்கச் சொன்னார். கம்பெனியில் தமிழ் டைப் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். என் குற்றத்தை நானேதான் டைப் அடிக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'ஐயா அவர்களுக்கு' அடித்தேன். 'நான் தங்கள் கம்பெனியில்' அடித்தேன். 'நான் செய்த பூஜையின் காரணமாக' என்று சொன்னார். கையை எடுத்துவிட்டேன்.

"அடிங்க."

"அது தெரியாதுங்களே."

"எது தெரியாது?"

"பூஜையாலதான்னு தெரியாதுங்க. தெரியாததை எப்படீங்க அடிக்கறது?"

"ஏனுங்க, நாலு வெள்ளிக்கிழமை கண்ணு முன்னால நின்னுச்சு. இன்னும் என்னங்க தெரியோணும்? கும்பிடறது தப்புன்னு யாராச்சும் சொன்னமா? ஊட்ல கும்பிடுங்க. ஒரு கையெழுத்துத்தானுங்க."

"போட மாட்டனுங்க."

"போடலைன்னா மறுபடி கட்டிங்குக்குத்தானுங்க அனுப்போணும்."

"அனுப்புங்க. துணி விரிக்க மறக்கலைங்க. கையெழுத்து மட்டும் போட மாட்டனுங்க."

இத்தனை சண்டையிலும் இரண்டு பேரும் ஒரு 'ங்க'வைக்கூட விடவில்லை. அது எங்கள் ஊர்ப் பழக்கம். கடைசியில் அவர், "சனிக்கிழமை வரைக்கும் பாருங்க, அதுவரைக்கும் பூஜையை நிறுத்தி வைங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போதுதான் தைரியம் கழன்றது. நாலு வெள்ளிக்கிழமையும் நின்றது பொய்யில்லையே. நிஜமாகவே நான் பண்ணினதால்தான் என்றால்? என் பக்திதான் இருபது பேரைச் சும்மா உட்கார வைக்கிறது என்றால்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சாமி முன்னால் நின்றேன். கம்ப்யூட்டர் ஓடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. 'நிஜம் எதுவோ அது தெரியட்டும். தப்பு என்னுதுன்னா நானே கையெழுத்துப் போடுறேன்' என்று மட்டும் கேட்டேன்.

பூஜையை நிறுத்திப் பார்ப்பது சுலபம்தான். மேனேஜரும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஒரு பரீட்சைக்காகச் சாமி கும்பிடுவதை நிறுத்த மாட்டேன் என்று பிடிவாதம். அதனால் தலைகீழாகச் செய்தேன். வாரத்தில் ஒரு நாள் செய்த பூஜையைத் தினமும் செய்வது. புகைதான் காரணம் என்றால் தினமும் நிற்கட்டும், பார்க்கலாம். வீட்டுக்காரியிடம் சொன்னபோது, "தினமும் சுண்டலா? வாரம் ஒரு நாளே கடலை ஊறப்போட மறந்தர்றேன்" என்று முறைத்தாள். ஆனாலும் செய்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் பூஜை, உடனே திறந்தேன். நின்றது. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கே அதே பூஜை, அதே கற்பூரம். ஆனால் ஒன்பதரை வரைக்கும் புரோகிராமைத் தொடவில்லை. அப்புறம் திறந்தேன். ஒரு நிமிஷத்தில் திறந்துகொண்டது! புகையாக இருந்தால் செவ்வாய்க்கிழமைப் புகை மட்டும் நல்ல புகையா?

புதன்கிழமை நடந்ததை நான் கவனமாகச் சொல்ல வேண்டும். பொட்டு வைக்கப் பெட்டியை இழுத்துத் துடைத்தேன். பின்னால் நெட்வொர்க் வயரின் கிளிப் ஏற்கெனவே உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்த இழுப்பில் வயர் கழன்றுவிட்டது. நான் பார்க்கவில்லை. ஏழு மணிக்குத் திறந்தேன். வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி உடனே திறந்தது. லிஸ்டில் எல்லாமே சிவப்பு. குனிந்து பார்த்தால் வயர் தரையில் கிடக்கிறது. சொருகிவிட்டுத் திறந்தேன். பழையபடி நின்றது. கழற்றினேன், திறந்தது. சொருகினேன், நின்றது. ஆறு தடவை செய்து பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு கோளாறும் இல்லை. இது வெளியே யாருக்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறது.

யாருக்காக? பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்ட பாய்தான் அதற்கு உதவினார். வியாழக்கிழமை அவரும் ஏழு மணிக்கே வந்துவிட்டார். வாட்ச்மேனிடம் எல்லா செக்‌ஷன் சாவியையும் வாங்கிக்கொண்டார். நான் மாடியில், அவர் கீழே, நடுவில் இன்டர்காம்.

"கட்டிங்கை ஆன் பண்ணிட்டேன். இப்ப தொறங்க."

திறந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரம்.

"செக்கிங் ரெண்டும் ஆன். பாருங்க."

இன்னும் சீக்கிரம்.

"ஏனுங்க பாய், நீங்க ஒவ்வொண்ணா எழுப்ப எழுப்ப இங்க லேசாகுதுங்க!"

"எழுப்பறதுதானே? எங்க ஊட்ல காலங்காத்தால தினமும் அஞ்சு புள்ளைகளை எழுப்பறவன் நான். இதென்ன பெரிய வேலை!"

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நாம் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று "ஊட்ல யாருங்க" என்று குரல் கொடுப்போம். பதில் வராமல் உள்ளே காலை வைக்க மாட்டோம். இந்தப் புரோகிராமும் அப்படித்தான். திறந்ததும், தன் முகத்தைக் காட்டுவதற்கு முன்னாலேயே, லிஸ்டில் இருக்கிற ஒவ்வொரு பேரையும் கூப்பிடுகிறது. ஆன் ஆன சிஸ்டம் உடனே "இருக்கேன்" என்கிறது. ஆஃப் ஆன சிஸ்டம் எங்கே பேசும்? பூட்டின வீட்டு வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டு, அலுத்துப்போய் அடுத்த வீட்டுக்குப் போகிறது. வயரைக் கழற்றினால் தெருவே இல்லை, அதனால் கூப்பிடவும் இல்லை, உடனே திறந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு பேக்கிங் தவிர எல்லா வீடும் பூட்டு. அன்றைக்குப் பூஜையும் இருந்தது, பூட்டும் இருந்தது. இன்ஜினியர் பூஜையை மட்டும் பார்த்தார்.

எல்லா சிஸ்டமும் ஆன் ஆன பிறகும் அந்த ஒரு நிமிஷ முக்கல் மட்டும் போகவில்லை. புரோகிராம் இருந்த ஃபோல்டரில், கம்பெனியின் பழைய கணக்கைப் பார்த்து அவர்கள் போட்ட பேர் லிஸ்ட் ஒன்று இருந்தது. நோட்பேடில் திறந்து, மேலே வந்த பாய்க்கு ஒவ்வொரு பேராகப் படித்தேன். சாம்பிள் செக்‌ஷன் ரெண்டாம் நம்பர் சிஸ்டம் என்றதும் பாய், "அது இடி விழுந்து போனதுல்ல? பழைய இரும்புக்குப் போட்டு வருஷமாச்சே" என்றார். செத்துப்போனதையும் தினமும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த வரியை அழித்தேன். அப்புறம் திறந்தேன். கண் இமைப்பதற்குள் எல்லாமே பச்சை.

பாய்க்குச் சுண்டல் நீட்டப்போய், தயங்கினேன். அவர், "நாளையிலிருந்து படையலுக்கு முந்தியே எனக்கு ஒரு கிண்ணம் தனியா எடுத்து வெச்சிருங்க, அப்ப ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை" என்றார். அப்படியே செய்தேன். வெள்ளிக்கிழமையும் பாய் எல்லாவற்றையும் முன்னாலேயே எழுப்பிவிட, பேக்கிங் நிற்கவில்லை.

இன்ஜினியரைச் சனிக்கிழமை காலை ஏழரைக்கே வரச் சொல்லும்படி மேனேஜரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் லேப்டாப்போடு வந்தார். லெட்டர் தயாரா என்றார்.

"லெட்டர் இருக்கட்டுங்க. உங்க லேப்டாப்புல இந்தப் புரோகிராம் இருக்குதுங்களா?"

"இருக்கு. எதுக்கு?"

"இந்த வயரை அதுல சொருகி, எங்க லிஸ்ட்டைப் போட்டுத் தொறங்க."

சிரித்துக்கொண்டே செய்தார். வெள்ளைக் கட்டம் வந்தது. நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஏசி ரூமில் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க," என்றேன், "உங்க பெட்டிக்கு யாருங்க பொட்டு வெச்சது?"

மேனேஜர் இருமினார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. நான் இன்டர்காமை எடுத்து, "பாய், எல்லாத்தையும் எழுப்புங்க" என்றேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி திறக்கச் சொன்னேன். உடனே திறந்தது. வயரைக் கழற்றிக் காட்டினேன். கூப்பிடுகிற கதையையும் எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். அவர் தன் லேப்டாப்பில் அதையே இன்னொரு தடவை செய்து பார்த்தார். அப்புறம், "மொதல்ல ஸ்கிரீனைக் காட்டிட்டு, பின்னால தனியாத் தேடற மாதிரி எழுதியிருக்கணும்" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி.

"அதை ரிப்போர்ட்டுல எழுதிக் குடுங்க."

"சரி பண்ணி அனுப்பிடறோம், விடுங்களேன்."

"இல்லீங்க. என் தப்புன்னு சொன்னபோது எழுத்துலதானே கேட்டீங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். கட்டிங்கிலிருந்து வந்தவன் இப்படிப் பேசுவான் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நானும் நினைத்ததில்லை. இன்ஜினியர் ரிப்போர்ட்டை எடுத்தார். காரணம் என்ற இடத்தில் ஏற்கெனவே 'ஆபரேட்டர் தவறு' என்று இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார். அதை அடித்துவிட்டு, புரோகிராம் தொடங்கும்போது மற்ற கம்ப்யூட்டர்களின் பதிலுக்குக் காத்திருப்பதால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கார்பன் காப்பியை நான் வாங்கிக்கொண்டேன். நாற்காலி என்னுடையதாகவே இருந்தது. இரண்டு வாரத்தில் புதுப் புரோகிராம் வந்தது. எத்தனை வீடு பூட்டியிருந்தாலும் அது நிற்கவில்லை.

மேனேஜர் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ரூமுக்கு வந்து, "இன்னைக்குச் சுண்டல் இல்லீங்களா?" என்றார். அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் சுண்டல் கொடுத்தேன்.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். போன மாதம் பொங்கலூர்ப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், நான் யார் என்று தெரியாமல் என்னிடமே சொல்கிறார்: திருப்பூரில் எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டருக்குள் குங்குமத்தைக் கொட்டிக் கெடுத்துவிட்டானாம், கோயமுத்தூர் இன்ஜினியர் வந்து சரி செய்தாராம். அதற்கு எதிர் இலைக்காரர், இல்லை இல்லை, சாமியே வந்து வயரைக் கழற்றிக் காட்டினதாகத்தான் கேள்விப்பட்டேன் என்கிறார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

இரண்டும் நடந்தது இல்லை. குங்குமம் எதையும் கெடுக்கவில்லை. வயரைக் கழற்றினது என் கை, கிளிப் உடைந்திருந்தது. சாமி எனக்கு என்ன செய்தார் என்று கேட்டால், அந்த வரியை அடிக்காமல் கையை எடுக்க வைத்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாததை அன்றைக்கும் எழுதவில்லை, இன்றைக்கும் எழுத மாட்டேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொன்னால் நல்லது நடக்கும், சொல்லாவிட்டால் கெட்டது நடக்கும் என்றெல்லாம் நான் பயம் காட்டவில்லை. ஆனால் சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். சாமி இல்லை என்கிறவர் பூஜையை எடுத்துவிட வேண்டாம். சாமி உண்டு என்கிறவர் அற்புதத்தைச் சேர்க்க வேண்டாம். பாயை மறந்துவிட வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டுங்க.